விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் நிறுவ: டிஸ்க் பார்டிஷனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களும், புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் படிப்புக்காகவோ வேலைக்காகவோ லினக்ஸ் தேவைப்படுபவர்களும் கேட்பது ஒன்றுதான்: விண்டோஸும் அதிலுள்ள ஃபைல்களும் அப்படியே இருக்க, அதே டிஸ்கில் லினக்ஸ் போட முடியுமா?

முடியும். ஃபைல்கள் பறிபோன கதைகளை விசாரித்துப் பார்த்தால், லினக்ஸை நிறுவியதால் எதுவும் போயிருக்காது. டிஸ்கைப் பிரிக்கும் திரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் "நெக்ஸ்ட்" அழுத்தியதால்தான் போயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி பெரும்பகுதி பார்டிஷனைப் பற்றியே, அதாவது டிஸ்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதைப் பற்றியே பேசுகிறது. நிறுவலின் மற்ற திரைகள் மொழி, நேரம், பெயர், பாஸ்வேர்டு என்று தானாகவே புரிந்துவிடும்.

நான் வலியுறுத்தும் விதி ஒன்றே ஒன்று. விண்டோஸின் பார்டிஷனை விண்டோஸைக் கொண்டே சுருக்குங்கள். லினக்ஸின் பார்டிஷனை லினக்ஸ் இன்ஸ்டாலரில் உருவாக்குங்கள். இரண்டின் தொடக்க ஃபைல்களும் இருக்கும் பொதுவான இஎஃப்ஐ பார்டிஷனை யாரும் ஃபார்மேட் செய்யக்கூடாது. நிலத்தை அளந்து கல் நட்ட பிறகு வேலி போடுவது போல, எல்லைகளை முதலில் முடிவு செய்துவிட்டால் இன்ஸ்டாலருக்குள் யோசிக்க வேண்டியது எதுவும் மிஞ்சாது.

எடுத்துக்காட்டாக, 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஒரு விண்டோஸ் 11 லேப்டாப்பை எடுத்துக்கொள்கிறேன். சி டிரைவ் ஒன்றுதான் இருக்கிறது. அதில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 போடப் போகிறோம். இன்னொரு வகையான உபுண்டு 24.04-லும் வழி கிட்டத்தட்ட இதேதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

டிஸ்கில் இப்போது என்ன இருக்கிறது

விண்டோஸ் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் "டிஸ்க் மேனேஜ்மென்ட்" இருக்கும். அதைத் திறந்து, கீழ்ப்பாதியில் "டிஸ்க் 0" என்ற வரியைப் பாருங்கள். சி டிரைவ் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அங்கே மூன்று நான்கு கட்டங்கள் தெரியும்.

முதலில் ஒரு சிறிய கட்டம்: "இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்". விண்டோஸை நாமே புதிதாக நிறுவியிருந்தால் பெரும்பாலும் 100 எம்பி, கம்பெனி நிறுவிக் கொடுத்த லேப்டாப்பில் பெரும்பாலும் 260 எம்பி. கணினி உயிர் பெற்றதும் எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று தேடும் இடம் இதுதான். இது ஃபேட்32 வடிவில் இருக்கும். விண்டோஸின் தொடக்க ஃபைல்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன; லினக்ஸ் வந்தால் தனக்கென்று பக்கத்தில் இன்னொரு ஃபோல்டரை வைத்துக்கொள்ளும். ஒரே பார்டிஷனில் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கலாம்.

அடுத்து 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிவைத்த ஒரு பார்டிஷன் உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, லினக்ஸ் இன்ஸ்டாலர் காட்டும். அங்கே பார்க்கும்போது இது எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். அதற்கடுத்து சி டிரைவ். கடைசியில் சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபி வரை "ரெக்கவரி பார்டிஷன்". சில கம்பெனிகள் தங்களுடைய ரெக்கவரிக்காக இன்னும் ஒன்றைப் பல ஜிபி அளவில் வைத்திருக்கும். வீணாகக் கிடக்கிறதே என்று இவற்றை அழிக்காதீர்கள். விண்டோஸ் ஒருநாள் தொடங்க மறுத்தால் அதைச் சரிசெய்யும் கருவிகள் இவற்றில்தான் இருக்கின்றன.

512 ஜிபி வாங்கினோம், 476 ஜிபிதான் காட்டுகிறது என்று பலர் கவலைப்படுவார்கள். எதுவும் குறையவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். லினக்ஸ் மின்ட் இன்ஸ்டாலர் ஆயிரம் கணக்கில் காட்டும் என்பதால் இதே குழப்பம் அங்கே மறுபடியும் வரும்.

இப்போது "டிஸ்க் 0" என்ற எழுத்தின் மேல் வலது கிளிக் செய்து, "ப்ராப்பர்ட்டீஸ்" போய், "வால்யூம்ஸ்" பகுதியில் "பார்டிஷன் ஸ்டைல்" என்ன என்று பாருங்கள். "குயிட் பார்டிஷன் டேபிள்", அதாவது ஜிபிடி என்று இருந்தால் நல்லது. கூடவே ஸ்டார்ட்டில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து, "பயாஸ் மோட்" என்ற வரியில் யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய வகை அடிப்படை மென்பொருள்) என்று இருப்பதை உறுதி செய்யுங்கள். விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற கணினி என்றால் இரண்டும் இப்படித்தான் இருக்கும்.

பழைய கணினியில் "மாஸ்டர் பூட் ரெக்கார்ட்", அதாவது எம்பிஆர் என்று வந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்டிஷன்கள் மட்டுமே சாத்தியம். ஏற்கெனவே நான்கும் நிரம்பியிருக்கும்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஐந்தாவதாக ஒன்றை உருவாக்கப் போனால், டிஸ்கை "டைனமிக்" ஆக மாற்றலாமா என்று கேட்கும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். டைனமிக் டிஸ்கில் லினக்ஸ் நிறுவுவது பெரிய தலைவலி, பழையபடி மாற்றுவது அதைவிடப் பெரியது. அந்தக் கணினிகளில் கம்பெனி ரெக்கவரி பார்டிஷனைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தை விடுவித்து, அங்கே ஒரு எக்ஸ்டெண்டட் பார்டிஷனும் அதற்குள் லாஜிக்கல் பார்டிஷன்களும் உருவாக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் ஜிபிடி டிஸ்குக்கானது.

இந்த டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கை வைப்பதற்கு முன்

முதல் வேலை பேக்கப். இழந்தால் தாங்க முடியாத ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுங்கள். அதே டிஸ்கின் இன்னொரு பார்டிஷனில் வைப்பது பேக்கப் ஆகாது. நகலெடுத்த பிறகு அந்த ஹார்டு டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட்டில் "கிரியேட் எ ரெக்கவரி டிரைவ்" என்று தேடினால் கிடைக்கும் கருவியைக் கொண்டு ஒரு பென்டிரைவில் விண்டோஸ் ரெக்கவரியையும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, டிஸ்கில் உள்ளதை என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். பலர் தங்கள் லேப்டாப்பில் அது இயங்குவதையே அறியாமல் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-இல் நுழைந்தாலே பல லேப்டாப்களில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" தானாக இயங்கிவிடும். செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில் இதைப் பார்க்கலாம். இயங்குகிறது என்றால், லினக்ஸ் வேலை தொடங்குவதற்கு முன்பே 48 இலக்க ரெக்கவரி கீயைக் கையில் வைத்திருக்க வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பகுதியில் அது இருக்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. தாளில் எழுதி வையுங்கள், ஏனென்றால் அதே லேப்டாப்பில் சேமித்தால் தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது. யுஇஎஃப்ஐ அமைப்பிலோ, நம்பகமான தொடக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டிலோ, தொடக்க வரிசையிலோ மாற்றம் வந்தால், அடுத்த முறை விண்டோஸ் இந்தக் கீயைக் கேட்க வாய்ப்புண்டு. கீ இல்லையென்றால் சி டிரைவில் உள்ள எதையும் யாராலும் மீட்க முடியாது.

பிட்லாக்கர் இயங்கும்போதே சி டிரைவை விண்டோஸுக்குள்ளிருந்து சுருக்க முடியும். ஆனால் சில இன்ஸ்டாலர்கள் பிட்லாக்கரைக் கண்டதும் நின்று, அதை அணைத்துவிட்டு வரச் சொல்லும். அப்போது செட்டிங்ஸில் அணைத்து, டிஸ்க் முழுவதும் பூட்டு நீங்கி முடியும்வரை காத்திருங்கள். லினக்ஸ் நிறுவிய பிறகு மறுபடியும் இயக்கிக்கொள்ளலாம். லேப்டாப்பை வெளியே எடுத்துச் செல்பவர்கள் கண்டிப்பாக மறுபடியும் இயக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டௌன் செய்யும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை; அடுத்த முறை வேகமாக எழுவதற்காகத் தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்து உறங்கப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸின் பார்டிஷனில் எதையாவது எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தன் நினைவில் இருப்பதற்கும் டிஸ்கில் இருப்பதற்கும் பொருத்தமில்லாமல் ஃபைல்கள் கெட்டுப்போகும். இதனால்தான் லினக்ஸ் அத்தகைய பார்டிஷனைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

இதை அணைக்க, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி விட்டு /எச், இடைவெளி விட்டு ஆஃப் என்று ஆங்கிலத்தில் தட்டி எண்டர் அழுத்துங்கள். ஹைபர்னேஷனும் அதைச் சார்ந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஒரேயடியாக அணைந்துவிடும். ஹைபர்னேஷனுக்கென்று ஒதுக்கியிருந்த பல ஜிபி ஃபைலும் நீங்கிவிடும்; சி டிரைவைச் சுருக்கும்போது குறுக்கே நிற்பவற்றில் அதுவும் ஒன்று.

கடைசியாக, சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் "டூல்ஸ்" பகுதிக்குப் போய் ஒருமுறை எரர் செக்கிங் செய்யுங்கள். பிழையுள்ள ஃபைல் அமைப்பைச் சுருக்கப் போவது ஆபத்து. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்; மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

யாருக்கு எவ்வளவு இடம்

லினக்ஸ் மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கிறது, 100 ஜிபியைப் பரிந்துரைக்கிறது. 20-இல் நிறுவ முடியும், ஆனால் நீடிக்காது. அப்டேட்களும், ஃபிளாட்பேக் ஆப்களும், பழைய கெர்னல்களும் (லினக்ஸின் மைய நிரல்), டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவி எடுக்கும் ஸ்னாப்ஷாட்களும் சில மாதங்களில் அதை நிரப்பிவிடும். 50-க்குக் கீழே போக வேண்டாம்.

நம் 476 ஜிபியில் இப்படிப் பிரிக்கிறேன்: விண்டோஸின் சி-க்கு ஏறக்குறைய 225, இரண்டுக்கும் பொதுவான ஃபைல்களுக்கு டி என்று 150, லினக்ஸுக்கு 100. பொதுவான டி பார்டிஷனை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். படங்கள், பாடல்கள், ஆவணங்கள் எல்லாம் அங்கே இருந்தால், லினக்ஸிலிருந்து சி டிரைவைத் தொட வேண்டிய தேவையே வராது; இரண்டில் எது கெட்டு மறுபடி நிறுவினாலும் ஃபைல்கள் அதே இடத்தில் இருக்கும். அதன் வடிவம் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஆகவே இருக்கட்டும். லினக்ஸ் கெர்னலிலேயே 2021-இல் வெளிவந்த 5.15 பதிப்பிலிருந்து என்டிஎஃப்எஸ் எழுதும் டிரைவர் இருக்கிறது. அதற்கு முன்பே வெளியில் கிடைத்த டிரைவரும் நன்றாக வேலை செய்தது. ஆனால் உங்கள் ஃபைல்களும் செட்டிங்ஸும் இருக்கும் லினக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டரை என்டிஎஃப்எஸ்ஸில் வைக்காதீர்கள். ஃபைல்களின் உரிமைகளை லினக்ஸ் எதிர்பார்க்கும் விதத்தில் அங்கே காக்க முடியாது.

லினக்ஸுக்குள் ரூட்டையும் (இயங்குதளம் இருக்கும் இடம்) ஹோமையும் தனித்தனிப் பார்டிஷனாகப் பிரிக்க வேண்டுமா என்பது பழைய விவாதம். 100 ஜிபிக்குள் பிரிக்க வேண்டாம் என்பேன். ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்று பாதி காலியாகக் கிடக்கும். ஃபைல்களைக் காப்பதற்குத்தான் டி இருக்கிறதே. 250 ஜிபிக்கு மேல் லினக்ஸுக்கே கொடுப்பவர்கள் 60 ஜிபி ரூட்டுக்கும் மீதியை ஹோமுக்கும் தரலாம்.

ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்டிஷன் இன்று தேவையில்லை. உபுண்டு 2017-இல் வந்த 17.04 பதிப்பிலிருந்தே ஸ்வாப்பை ஒரு ஃபைலாக வைத்துக்கொள்கிறது, மின்ட்டும் அப்படித்தான். லினக்ஸை ஹைபர்னேட் செய்வது உங்களுக்கு அவசியம் என்றால் மட்டும் ரேம் அளவுக்குக் குறையாத ஸ்வாப் பார்டிஷன் ஒன்றை ஒதுக்குங்கள்.

இடத்தைப் பற்றி இன்னொன்று. லினக்ஸுக்குத் தேவையானதை முதலிலேயே தாராளமாகக் கொடுங்கள். ஒரு பார்டிஷனை வலது பக்கம் நீட்டுவது எளிது; இடது பக்கம் நீட்ட வேண்டுமென்றால் அதிலுள்ள தரவு முழுவதையும் நகர்த்த வேண்டும். பல மணி நேரம் ஆகலாம், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போகும். நம் அமைப்பில் லினக்ஸின் இடது பக்கம் டி, வலது பக்கம் ரெக்கவரி. பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று குறைத்து வைப்பவர்கள் அந்த நிலைக்குத்தான் வந்து நிற்பார்கள்.

சி டிரைவைச் சுருக்குதல்

லினக்ஸ் இன்ஸ்டாலரிலேயே விண்டோஸைச் சுருக்கும் வசதி உண்டு. ஒரு கோட்டை இழுத்தால் போதும். அதை நான் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். என்டிஎஃப்எஸ் விண்டோஸின் சொந்த ஃபைல் அமைப்பு. எந்த ஃபைலை எப்போது நகர்த்தலாம் என்று விண்டோஸுக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யின் மேல் வலது கிளிக் செய்து "ஷ்ரிங்க் வால்யூம்" கொடுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பியில் கேட்கும். எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று அல்ல, எவ்வளவு குறைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அவசரத்தில் மாற்றிப் படிப்பவர்கள் உண்டு. டி-க்கும் லினக்ஸுக்கும் சேர்த்து 250 ஜிபி வேண்டும். 250-ஐ 1024-ஆல் பெருக்கினால் 256000. அதைத் தட்டி "ஷ்ரிங்க்" அழுத்துங்கள்.

சில கணினிகளில் 300 ஜிபி காலியாக இருந்தும் 60 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சொல்லும். சி-யின் பின்பகுதியில் நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். வழக்கமாகக் குறுக்கே நிற்பவை மூன்று. ஹைபர்னேஷன் ஃபைலை மேலேயே நீக்கிவிட்டோம். அடுத்தது, ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைக்கும் பேஜ்ஃபைல்: "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" வழியாக "பெர்ஃபார்மன்ஸ்" பகுதிக்குப் போய், வர்ச்சுவல் மெமரியை "நோ பேஜிங் ஃபைல்" ஆக மாற்றுங்கள். மூன்றாவது, சிஸ்டம் புரொடெக்‌ஷன் வைத்திருக்கும் ரீஸ்டோர் பாயிண்ட்கள். அதை அணைத்து, இருப்பவற்றை அழியுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடியும் சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இப்போது முடிந்துவிடும். அப்படியும் நின்றால் ஈவென்ட் வ்யூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எந்த ஃபைல் தடுத்தது என்று அதன் பெயரோடு எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் பேஜ்ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் மறக்காமல் பழையபடி இயக்குங்கள்.

இப்போது சி-க்கும் ரெக்கவரிக்கும் நடுவே கறுப்புப் பட்டையோடு "அன்அலோகேட்டட்" என்ற இடம் 250 ஜிபி அளவில் தெரியும். அதன் மேல் வலது கிளிக் செய்து "நியூ சிம்பிள் வால்யூம்" கொடுத்து, 153600 எம்பி அளவில், என்டிஎஃப்எஸ் வடிவில் டி-யை உருவாக்குங்கள். மீதமிருக்கும் 102400 எம்பியை எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள். லினக்ஸுக்காக இங்கேயே ஒரு டிரைவ் உருவாக்கி வைத்தால் அது என்டிஎஃப்எஸ் பார்டிஷனாகிவிடும்; இன்ஸ்டாலரில் அதை மறுபடி அழிக்க வேண்டியிருக்கும், தவறான ஒன்றை அழிக்கும் வாய்ப்பும் அங்கேதான் பிறக்கிறது. லினக்ஸுக்குத் தேவை வெறும் காலி இடம்.

விண்டோஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் வழக்கம்போல் இயங்குகிறதா என்று பாருங்கள். புதிய நிலையை இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவிலிருந்து தொடங்குதல்

லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு இன்ஸ்டாலரும் அடங்கிய ஃபைல்) அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை தரும் நீண்ட எண்ணும் தளத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். இறக்கும்போது சிதைந்த ஐஎஸ்ஓவால் நிறுவல் பாதியில் நிற்பதை இந்த ஒரு சோதனை தவிர்த்துவிடும். பிறகு ரூஃபஸ் மென்பொருளில் பார்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யுஇஎஃப்ஐ என்று தேர்ந்து 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

தொடக்க மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்திவிட்டு எஃப்9. எந்த விசை என்று தேட விருப்பமில்லாதவர்கள் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாகப் போய் "யூஸ் எ டிவைஸ்" என்பதைத் தேர்ந்து பென்டிரைவைக் காட்டலாம். மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று முன்னால் எழுதியிருப்பதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐயில் இருக்க, லினக்ஸை லெகசி என்னும் பழைய பயாஸ் முறையில் நிறுவினால் இரண்டுக்கும் பொதுவான தொடக்க மெனு அமையாது.

செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. மின்ட்டும் உபுண்டுவும் அதோடு இயங்கும். ஆனால் ஐஎஸ்ஓ புதியதாக இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பல கணினிகளில் பழைய லினக்ஸ் பென்டிரைவ்களும் நிறுவியிருந்த லினக்ஸும் செக்யூரிட்டி பாலிசி மீறல் என்று சொல்லித் தொடங்க மறுத்தன. காரணம், அவற்றிலிருந்த ஷிம் என்ற பழைய தொடக்க நிரலை அந்த அப்டேட் தடை செய்தது. மேசையில் எப்போதோ எழுதி வைத்த பென்டிரைவை எடுக்காமல் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

மின்ட்டின் டெஸ்க்டாப் வந்ததும் உடனே இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு "டிஸ்க்ஸ்" ஆப்பைத் திறந்து எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். இன்டெல் லேப்டாப் சிலவற்றில் டிஸ்கே தெரியாது. யுஇஎஃப்ஐ அமைப்பில் ஸ்டோரேஜ் "ஆர்எஸ்டி" அல்லது "ரெய்டு" முறையில் இருப்பதுதான் வழக்கமான காரணம். அதை லினக்ஸுக்குத் தெரியும் ஏஎச்சிஐ முறைக்கு நேராக மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. முதலில் விண்டோஸில் "சிஸ்டம் கான்ஃபிகரேஷன்" திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே யுஇஎஃப்ஐக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புதிய டிரைவரை ஏற்றுக்கொள்ளும். பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிட்டு வழக்கம்போல் தொடங்கலாம். பிட்லாக்கர் கீ கேட்கும் என்று நான் சொன்ன இடங்களில் இதுவும் ஒன்று.

முக்கியமான திரை

இன்ஸ்டாலரில் "இன்ஸ்டாலேஷன் டைப்" என்ற திரை வரும். "இன்ஸ்டால் அலாங்சைட் விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று ஒன்று, "இரேஸ் டிஸ்க்" என்று ஒன்று, கடைசியில் "சம்திங் எல்ஸ்". நடுவில் உள்ளது டிஸ்க் முழுவதையும், விண்டோஸையும் ரெக்கவரியையும் சேர்த்து அழித்துவிடும். கடைசியில் உள்ள "சம்திங் எல்ஸ்" தான் நமக்கு வேண்டியது. உபுண்டு 24.04-இல் இதற்கு "மேனுவல் இன்ஸ்டாலேஷன்" என்று பெயர்.

இப்போது வரும் பட்டியலை அவசரமில்லாமல் படியுங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டியின் பெயர் என்விஎம்இ0என்1 என்று இருக்கும். ஒவ்வொரு பார்டிஷனுக்கும் அதன் பின்னால் பி1, பி2 என்று எண் வரும். சாட்டா டிஸ்க் என்றால் எஸ்டிஏ. செருகியிருக்கும் பென்டிரைவும் எஸ்டிஏ அல்லது எஸ்டிபி என்று பட்டியலில் நிற்கும், அதைத் தொட வேண்டாம். பார்டிஷன் எண்கள் டிஸ்கில் இருக்கும் வரிசையைச் சொல்வதில்லை, உருவான வரிசையைச் சொல்லலாம். அதனால் எண்ணை நம்பாமல் அளவைக் கொண்டு அடையாளம் காணுங்கள். ஃபோனில் எடுத்த படத்தை இப்போது பக்கத்தில் வையுங்கள்.

அளவுகள் பொருந்தாதது போலத் தெரியும், ஏனென்றால் மின்ட் இன்ஸ்டாலரின் எம்பி ஆயிரம் கணக்கு. விண்டோஸில் 225 ஜிபியாக இருந்த சி இங்கே ஏறக்குறைய 241600 எம்பி. 150 ஜிபி டி ஏறக்குறைய 161060 எம்பி. நாம் விட்டுவைத்த 102400 எம்பி இங்கே "ஃப்ரீ ஸ்பேஸ்" என்ற பெயரில் ஏறக்குறைய 107370 எம்பி. ஒரு எம்பி, இரண்டு எம்பி என்று ஆங்காங்கே தெரியும் சிறிய காலி இடங்கள் பார்டிஷன் எல்லைகளைச் சீராக வைப்பதற்காக விட்டவை. அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்.

அந்தப் பெரிய ஃப்ரீ ஸ்பேஸ் வரியைத் தேர்ந்து, கூட்டல் குறியை அழுத்துங்கள். அளவை அப்படியே முழுதாக விடுங்கள். "யூஸ் ஆஸ்" என்ற இடத்தில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் அமைப்பு), "மவுண்ட் பாயிண்ட்" என்ற இடத்தில் வெறும் / குறி. அதுதான் லினக்ஸின் ரூட். ஓகே கொடுத்தால் புதிய வரி ஒன்று உருவாகி, அதன் ஃபார்மேட் கட்டத்தில் மட்டும் டிக் இருக்கும். எக்ஸ்ட்4-க்குப் பதில் பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் அமைப்பைப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: அதை ஏற்கெனவே கையாளத் தெரிந்தவர்கள் போடலாம், முதன்முறை நிறுவுபவர்களுக்கு எக்ஸ்ட்4.

அடுத்து இஎஃப்ஐ பார்டிஷன். பட்டியலில் 100 அல்லது 260 எம்பி அருகில், ஃபேட்32 அல்லது இஎஃப்ஐ வகை என்று இருக்கும் வரி அது. அதைத் தேர்ந்து "சேஞ்ச்" அழுத்தினால் "யூஸ் ஆஸ்" என்ற இடத்தில் "இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்" என்று இருக்க வேண்டும். பெரும்பாலும் அதுவே தேர்வாகியிருக்கும். அதன் ஃபார்மேட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. இந்த 100 எம்பியை ஃபார்மேட் செய்தால் சி டிரைவில் ஒரு பைட்கூட அழியாது, ஆனால் விண்டோஸ் தொடங்காது. உபுண்டுவின் புதிய இன்ஸ்டாலரில் இதே பார்டிஷன் /பூட்/இஎஃப்ஐ என்ற இடத்தில் மவுண்ட் ஆவதாகக் காட்டும். அங்கேயும் ஃபார்மேட் வேண்டாம்.

100 எம்பி லினக்ஸுக்கும் சேர்த்துப் போதுமா என்ற பயம் வேண்டாம். மின்ட்டும் உபுண்டுவும் கெர்னலை ரூட்டுக்குள் வைத்துக்கொண்டு, தொடக்க நிரலை மட்டும் இங்கே வைக்கின்றன. கெர்னலையே இங்கே வைக்கும் பாப் ஓஎஸ் போன்ற லினக்ஸ் வகைகளுக்குத்தான் இந்த இடம் போதாது.

கீழே "டிவைஸ் ஃபார் பூட் லோடர் இன்ஸ்டாலேஷன்" என்ற இடத்தில் டிஸ்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள், பார்டிஷனை அல்ல. கணினியில் இரண்டு டிஸ்க் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே இரண்டாவது டிஸ்கைத் தேர்ந்தாலும், மின்ட் பயன்படுத்தும் இன்ஸ்டாலர் முதல் டிஸ்கின் இஎஃப்ஐ பார்டிஷனிலேயே தொடக்க நிரலை வைத்துவிடும் பழக்கம் உண்டு. விண்டோஸ் டிஸ்கைத் தொடவே கூடாது என்றால் நிறுவும்போது அதைக் கழற்றி வைப்பதே உறுதியான வழி.

"இன்ஸ்டால் நௌ" அழுத்தியதும் ஒரு பெட்டி வந்து, எந்தெந்தப் பார்டிஷன்கள் ஃபார்மேட் ஆகும் என்று பட்டியலிடும். அதுவரை நீங்கள் செய்த எதுவும் டிஸ்கில் எழுதப்படவில்லை. பட்டியலில் ஒரே ஒரு பார்டிஷன், எக்ஸ்ட்4 என்று மட்டும் இருக்க வேண்டும். இஎஃப்ஐயோ என்டிஎஃப்எஸ்ஸோ ஃபார்மேட் ஆவதாக ஒரு வரி இருந்தாலும் "கோ பேக்" கொடுங்கள். சந்தேகம் வந்தால் இன்ஸ்டாலரையே மூடிவிடலாம். இந்தப் பெட்டியில் சம்மதம் கொடுக்கும்வரை வெளியேறுவதால் எந்த இழப்பும் இல்லை.

முதல் நாள் வேலைகள்

பென்டிரைவை எடுத்துவிட்டுத் தொடங்கினால், எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில் லினக்ஸ் மின்ட்டும் விண்டோஸ் பூட் மேனேஜரும் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒருமுறை நுழைந்து பாருங்கள். மெனுவே வராமல் விண்டோஸ் எழுந்தால் லினக்ஸ் போகவில்லை. யுஇஎஃப்ஐ தொடக்க வரிசையில் விண்டோஸ் முதலில் நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே "உபுண்டு" என்பதை மேலே ஏற்றுங்கள். மின்ட்டும் அந்தப் பெயரில்தான் பதிவாகும். பெரிய விண்டோஸ் அப்டேட்களுக்குப் பிறகும் சில நேரம் இந்த வரிசை மாறும், மருந்து அதுவேதான்.

மெனுவில் விண்டோஸ் இல்லையென்றால், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் அணைந்திருக்கிறது. கிரப் 2.06 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே அணைந்த நிலையில் வருகிறது. /ஈடிசி/டீஃபால்ட்/கிரப் ஃபைலில் ஓஎஸ்-புரோபரை முடக்கும் வரியை ஃபால்ஸ் என்று மாற்றி, டெர்மினலில் சூடோ சேர்த்து அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கினால் விண்டோஸ் வந்துவிடும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த வேறுபாடு சரியாக ஐந்தரை மணி. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதோடு 1 சேர்த்து இயக்கினால் இரண்டும் ஒத்துப்போகும்.

டி டிரைவ் ஒவ்வொரு முறையும் தானாகத் திறக்க வேண்டுமென்றால் "டிஸ்க்ஸ்" ஆப்பில் அந்தப் பார்டிஷனைத் தேர்ந்து, பல்சக்கரப் பட்டனில் "எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்" போங்கள். டி-யைத் திறக்க லினக்ஸ் மறுத்தால், வற்புறுத்தித் திறக்கும் கட்டளைகளைத் தேடாமல் விண்டோஸுக்குப் போய் எரர் செக்கிங் செய்து, முழுதாக ஷட்டௌன் செய்துவிட்டு வாருங்கள். டிவைஸ் என்கிரிப்ஷனை மறுபடி இயக்கியவர்களுக்கு டி-யும் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது லினக்ஸில் திறக்க அதன் ரெக்கவரி கீ தேவைப்படும்.

லினக்ஸ் வேண்டாம் என்றால்

வரிசை முக்கியம். முதலில் யுஇஎஃப்ஐ தொடக்க வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் நேராக எழுவதை உறுதி செய்யுங்கள். லினக்ஸ் பார்டிஷனை முதலில் அழித்தால், கிரப் தன் ஃபைல்களைத் தேடிக் கிடைக்காமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். விண்டோஸ் அப்போதும் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் திரை நிறையப் பேரைப் பயமுறுத்துகிறது.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த 100 ஜிபி பார்டிஷனை டிலீட் செய்யுங்கள். அதற்கு டிரைவ் எழுத்து இருக்காது. டி-க்கும் ரெக்கவரிக்கும் நடுவே இருப்பதை அளவைக் கொண்டு அடையாளம் காணுங்கள். அந்தக் காலி இடம் டி-யின் வலது பக்கத்தை ஒட்டி இருப்பதால், டி-யின் மேல் வலது கிளிக் செய்து "எக்ஸ்டெண்ட் வால்யூம்" கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். சி-யோடு நேராகச் சேர்க்க முடியாது, நடுவில் டி இருக்கிறது. இஎஃப்ஐ பார்டிஷனில் எஞ்சியிருக்கும் உபுண்டு ஃபோல்டர் சில எம்பிதான் இருக்கும். அங்கே விட்டுவைத்தாலும் விண்டோஸுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.